கைப்பிரஸ் கோணல்: திருகா, ஷிம்மா, அரமா, டை செட்டா?

ஆர்பர் பிரஸ்ஸில் (கைப்பிடியை இழுத்து அழுத்தும் கைப்பிரஸ்) புஷ் (துளைக்குள் இறக்கும் உலோகக் குழல்) சாய்ந்து இறங்கினால் உடனே அரத்தை எடுக்க வேண்டாம். ரேமில், அதாவது மேலும் கீழும் ஓடும் அழுத்துதண்டில், இருப்பது ஆட்டமா, கோணலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ரேமைப் பாதி இறக்கி, நுனியைக் கையால் நாலு பக்கமும் அசைத்தால் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவி) முள் நகரும் அளவுதான் ஆட்டம். கோணலைப் பார்க்க, மேசையில் மூலைமட்டத்தை நிறுத்தி, ரேமில் டயல் கேஜைப் பொருத்தி, மட்டத்தின் நிற்கும் விளிம்பைத் தொட்டபடி ஏற்றி இறக்க வேண்டும். முன்பின் ஒரு தடவை, இடம்வலம் ஒரு தடவை. அப்போது ரேமை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் ஆட்டமும் அளவில் கலந்துவிடும்.

ஆட்டம் மட்டும்தான் என்றால், ரேமை அதன் பள்ளத்தில் பிடித்திருக்கும் மூடித்தகட்டின் திருகுகளை இறுக்குவதே போதும். ஆனால் சிறிய பிரஸ்களில் அந்தத் தகடு பெரும்பாலும் கரடுமுரடாகவே வருகிறது. அதைக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய எமரி தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். திருகு முனை நேராக ரேமில் படுகிற அமைப்பாக இருந்தால், நடுவே பித்தளைத் துண்டு வையுங்கள். இறுக்கியபின் முழு இறக்கத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்து வேறிடத்தில் தளர்ந்தால் ரேம் சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். அரை நாள் வேலை, கெட்டுப்போக ஒன்றுமில்லை.

கோணலை இந்தத் திருகுகள் தீர்க்காது. தூணும் அடித்தளமும் தனித்தனியாகப் போல்ட் போட்டவையாக இருந்தால் ஷிம் (இடையில் செருகும் மெல்லிய தகடு) நல்ல வழி. 100 மி.மீ. இறக்கத்தில் 0.1 மி.மீ. விலகல், தூணின் அடி 150 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஓரத்தில் 0.15 மி.மீ. தகடு வேண்டும். நடுப்பகுதி தொங்காதபடி படிப்படியாகக் குறையும் கனத்தில் இடையிலும் வையுங்கள். முழு உடலும் ஒரே வார்ப்பு என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். அதற்காக மேசைமேல் சுழலும் தட்டுக்கு அடியில் ஒரு ஓரமாக ஷிம் செருகாதீர்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது; தட்டு விரிசல் விடும்.

அரமும் ஸ்கிரேப்பரும் (சுரண்டும் கருவி) கோணலை வேரிலேயே சரிசெய்யக்கூடியவை. ஆனால் நம்பகமான சமதளம், மேடு எங்கே என்று காட்டும் நீல மை, பொறுமை மூன்றும் வேண்டும். நான் வெறும் அரத்தால் பள்ளத்தைச் சரிசெய்யப் போய், ஓரங்கள் உருண்டு முன்பைவிட ஆட்டம் கூடியதுதான் மிச்சம். ஒரே வார்ப்பு உடலுக்கு மில்லிங்தான் சரி. ரேம் ஓடும் பள்ளத்தை ஆதாரமாக வைத்து, மேசையின் மேல்முகத்தை மெல்லச் சீவ வேண்டும். கிளாம்ப் இறுக்கத்தில் உடல் வளைந்திருந்தால், அவிழ்த்ததும் கோணல் திரும்பிவிடும்.

அப்புறம் டை செட், அதாவது பஞ்சையும் (துளையிடும் முனை) டையையும் (அதை ஏற்கும் துளையுள்ள அடித்துண்டு) வழிகாட்டும் தூண்களோடு சேர்த்த தொகுதி. இரண்டு தூண்களில் மேல்தட்டு தானே நேராக ஓடும், ரேமுக்குத் தள்ளுகிற வேலை மட்டும்தான். மேல்தட்டை ரேமோடு இறுக்கிப் பூட்டாமல், குமிழ் தலையுள்ள துண்டு வழியாகத் தள்ளினால் ரேமின் கோணல் கீழே போகாது. பஞ்ச் வேலைக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். காரணம், சி வடிவ உடல் சுமை ஏறும்போது சற்றே வாயைத் திறக்கும். சும்மா இருக்கையில் எவ்வளவு துல்லியமாக நிறுத்தினாலும் அந்தத் திறப்பு போகாது. 1 மி.மீ. இரும்புத் தகட்டில் பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி ஒரு பக்கத்துக்கு 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும், 0.1 விலகினாலே பஞ்ச் டையில் மோதும். மேசைக்கு மேல் உள்ள உயரம் குறைவதும், ஒவ்வொரு வேலைக்கும் தனி டை தேவைப்படுவதும்தான் சங்கடம்.

பேரிங், புஷ் இறக்க மட்டுமே பிரஸ் என்றால் இவ்வளவு தேவையில்லை. திருகைச் சரிசெய்துவிட்டு ரேமின் அடிமுகத்தை மூலைமட்டத்தால் பாருங்கள். அது சாய்ந்திருந்தால் ரேமைக் கழற்றி, லேத்தில் நாலு தாடை சக்கில் நேராகப் பிடித்து முகத்தைச் சீவிவிடலாம்.