போன் ஸ்பீக்கர் அடைப்பு: பிரஷ், புட்டி, ஆல்கஹால், சத்தம் – எந்த அழுக்குக்கு எது?

பாட்டு போட்டால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறதா? பெரும்பாலும் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும், அடைத்திருப்பது அதன் முன்னால் உள்ள நெட். வெளியே தெரியும் துளைகளுக்குப் பின்னால் மிக மெல்லிய வலை ஒன்று பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கும் பின்னால்தான் அதிர்ந்து ஒலி எழுப்பும் டயாஃப்ரம். பாக்கெட் பஞ்சு, வியர்வை, முகப்பவுடர், காது அழுக்கு எல்லாம் சேர்ந்து வலையில் படியும்போது காற்று போய்வரும் வழி குறுகுகிறது. முதலில் அடிபடுவது கீச்சொலிகள். அதனால்தான் பேச்சில் ‘ச’, ‘ஸ’ மழுங்கிப்போய், கனத்த சத்தம் மட்டும் மிஞ்சுகிறது.

வீட்டில் செய்ய ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது அழுக்கை வெளியே இழுக்கிறதா, உள்ளே தள்ளுகிறதா என்பதைத்தான். உள்ளே தள்ளினால் அழுக்கு டயாஃப்ரத்தில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு போனைப் பிரிக்காமல் எடுக்க முடியாது.

கை வைக்கும் முன்

பேக் கேஸைக் கழற்றுங்கள். டெம்பர் கிளாஸின் மேல் விளிம்பு இயர் ஸ்பீக்கரை (பேசும்போது காதில் வைக்கும் மேல் ஸ்பீக்கர்) மூடியிருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத்தை அணைத்துவிட்டு ஒரே பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். சாம்சங்கில் *#0*#, ஷாவ்மி, ரெட்மியில் *#*#6484#*#* என்று டயல் செய்தால் பல மாடல்களில் சோதனைத் திரை வரும். அதில் ரிங்கரையும் (ரிங்டோனும் பாட்டும் வரும் பெரிய ஸ்பீக்கர்) இயர் ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

எல்லாச் சத்த அளவிலும் ஒரே மாதிரி மழுங்கலாக இருந்தால் அது அடைப்பு. குறைந்த சத்தத்தில் சுத்தமாகவும், கூட்டும்போது கரகரவென்றும் கேட்டால் டயாஃப்ரமோ அதை ஆட்டும் கம்பிச்சுருளான காயிலோ பழுதாகியிருக்கலாம். அதற்கு எந்தச் சுத்தமும் உதவாது. கொப்பளிப்பது போன்ற சத்தம் என்றால் உள்ளே தண்ணீர்.

ஐபோன் வைத்திருப்போர் பலர் “ஒரு பக்கத் துளையில் சத்தமே வரவில்லை” என்று அந்தப் பக்கத்தையே குடைந்துகொண்டிருப்பார்கள். பல மாடல்களில் சார்ஜிங் போர்ட்டின் இரு பக்கமும் துளைகள் இருந்தாலும் ரிங்கர் ஒரு பக்கம்தான், மறுபக்கம் இருப்பது மைக். அங்கே குத்தினால் எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரல் கேட்காமல் போகும்.

உலர்ந்த பிரஷ்ஷும் புட்டியும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். ரிங்கரில் சேரும் உலர்ந்த பஞ்சுக்கும் தூசிக்கும் பிரஷ். குழந்தைகளுக்கான மென்மையான டூத் பிரஷ், புதிதாக, ஈரமில்லாமல். பழைய பிரஷ்ஷில் காய்ந்த பேஸ்ட் இருக்கும், அது துளைகளில் உதிரும். போனைத் தலைக்கு மேல் பிடித்து, துளைகள் தரையைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷைச் சாய்த்து ஒரே திசையில் பக்கவாட்டில் தட்டிவிடுவதுபோல் ஒரு நிமிடம் தேய்த்தால் போதும். நேராகக் குத்தித் தேய்த்தால் நாரே தூசியை வலைக்குள் அழுத்திவிடும். போனை மேசையில் படுக்கவைத்துத் தேய்ப்பதும் தவறு, கிளம்பிய தூசி திரும்ப அதே துளையில் விழும்.

இயர் ஸ்பீக்கர் கதை வேறு. கன்னமும் காதும் படுகிற இடம் என்பதால் எண்ணெய்ப் பசையோடு பவுடரும் சேர்ந்து அழுக்கு கெட்டியாகிவிடுகிறது. பிரஷ் அதை மேலாகச் சுரண்டும், முழுதாக எடுக்காது. இங்கே புட்டி முந்துகிறது. சுவரில் போஸ்டர் ஒட்ட ஸ்டேஷனரி கடையில் விற்கும் ஒட்டும் புட்டியில் பட்டாணி அளவு எடுத்து ஒரு நிமிடம் பிசையுங்கள். கூம்பாக உருட்டி, துளையின் மேல் லேசாக வைத்து, உடனே நேராக வெடுக்கென்று எடுங்கள். ஒவ்வொரு முறையும் புட்டியின் புதிய பக்கம் படவேண்டும். பத்துப் பதினைந்து ஒற்றல்களில் புட்டியில் கறுப்புப் புள்ளிகள் வருவது நின்றுவிடும். அதற்கு மேல் ஒற்றுவதில் பயனில்லை.

புட்டியின் பலவீனம் வெயில். சித்திரை வெக்கையில் அது இளகி, துளைக்குள் இறங்கி, இழுக்கும்போது அறுந்து அங்கேயே தங்கிவிடும். ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். துண்டு சிக்கிக்கொண்டால் ஊசியால் நோண்டாமல், பெரிய உருண்டை ஒன்றை அதன்மேல் ஒட்டி இழுங்கள், கூடவே வந்துவிடும். எம்-சீல், சூயிங் கம் எல்லாம் புட்டிக்கு மாற்று ஆகாது.

புட்டி கிடைக்காவிட்டால் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை, பசைப்பக்கம் வெளியே வரும்படி கூம்பாகச் சுருட்டி ஒற்றலாம். இழுக்கும் சக்தி குறைவு என்றாலும் எதுவும் உள்ளே தங்காது. பெட்டி ஒட்டும் பிரவுன் டேப் வேண்டாம், அதன் பசை துளை ஓரங்களில் ஒட்டிக்கொண்டு புதுத் தூசியைப் பிடித்து வைக்கும்.

இரண்டும் கையில் இருந்தால் முதலில் பிரஷ், பிறகு புட்டி. முதலிலேயே புட்டியை வைத்தால் மேலே கிடக்கும் பஞ்சே அதன் பிடியை நிரப்பிவிடும்.

ஆல்கஹால்

எண்ணெய்ப் பசையைக் கரைப்பதில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு இணை இல்லை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. கரைந்த எண்ணெய் எங்கே போகும்? துணி ஒற்றி எடுத்தால் வெளியே, சொட்டாக விட்டால் வலை வழியாக உள்ளே. வலையைப் பிடித்திருக்கும் பசையையும் அது இளக்கக்கூடும். ஆகவே புட்டி தோற்ற பிறகு மட்டும், இயர் ஸ்பீக்கருக்கு மட்டும்.

99 சதவீத ஆல்கஹால் வாங்குங்கள். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், காயத் தாமதமாகும். போனை அணைத்து, துளை கீழே பார்க்கப் பிடித்து, பிரஷ் நுனியை நனைத்து டிஷ்யூவில் ஒற்றிச் சொட்டு இல்லாமல் ஆக்கிய பிறகு இரண்டு மூன்று முறை தேய்த்து, உடனே டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அரை மணி நேரம் கழித்து ஆன் செய்யலாம். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும். ஹேண்ட் சானிடைசரில் உள்ள கிளிசரின் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கையே அரிக்கும்.

165 ஹெர்ட்ஸ் சத்தம்

165 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியைப் போனிலேயே ஓடவிட்டு ஸ்பீக்கரைச் சுத்தம் செய்யும் வழி இது. யூடியூபில் அதிகம் பரவியிருப்பது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். தாழ்ந்த அதிர்வெண்ணில் டயாஃப்ரம் பெரிதாக முன்னும் பின்னும் ஆடும், அந்த வேகத்தில் வலையில் நிற்கும் நீர்த்துளி வெளியே எறியப்படும். 2016-ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 2 இந்த உத்தியைக் கொண்டிருந்தது. ஷாவ்மியின் பல போன்களில் செட்டிங்ஸிலேயே ஸ்பீக்கரைச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது.

மழையில் நனைந்த போனுக்கு இது அருமையான வழி. துளைகள் கீழே பார்க்க, முழுச் சத்தத்தில் முப்பது வினாடி, துணியால் ஒற்றல், மீண்டும் ஒருமுறை. ஆனால் எண்ணெயில் ஊறிய அழுக்குக்கு இதனால் ஒன்றும் ஆகாது, உலர்ந்த தூசி கொஞ்சம் தளரலாம், அவ்வளவே. “இன்னும் சரியாகவில்லை” என்று அரை மணி நேரம் ஓடவிட்டால் காயில் சூடாகும். டீயோ ஜூஸோ கொட்டியிருந்தால் தண்ணீர் வெளியேறினாலும் சர்க்கரை வலையிலேயே காய்ந்து நிற்கும். அரிசி டப்பாவில் புதைப்பதால் ஸ்டார்ச் தூசிதான் கூடுதலாகச் சேரும். காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வைப்பது அதைவிட மேல்.

காற்றும் ஊசியும்

கம்ப்ரஸர் காற்று, ஸ்ப்ரே டப்பாக் காற்று இரண்டும் உள்ளே தள்ளும் வகை. டப்பாவைச் சாய்த்தால் உள்ளிருக்கும் திரவமே குளிர்ந்து பீய்ச்சும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் சேரும். கேமரா கடையில் விற்கும் ரப்பர் புளோயர் மட்டும் பரவாயில்லை, அதுவும் பிரஷ் போட்ட பிறகு, சாய்வாக, தூரத்திலிருந்து.

குண்டூசி, சிம் பின், கம்பி நடுவில் உள்ள பல்லிடுக்குப் பிரஷ் எதுவும் வேண்டாம். வலை கிழிந்தால் சத்தம் அன்றைக்குத் தெளிவாகத்தான் கேட்கும். பிறகு வரும் தூசியெல்லாம் நேராக டயாஃப்ரத்துக்குப் போகும், நீர்த் தடுப்பும் போய்விடும்.

கடைக்குப் போவதென்றால்

பிரஷ்ஷும் புட்டியும் இரண்டு சுற்று முடிந்தும் மாற்றமில்லை என்றால் சர்வீஸ் கடைதான். ரிங்கரை மாற்றச் சொல்லும் முன் நெட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பல மாடல்களில் முடியும். பசை போட்டு மூடிய போன்களைச் சூடுபடுத்தித்தான் திறப்பார்கள். மூடும்போது புதுப் பசை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீர்த் தடுப்பை நம்ப முடியாது. கடையைவிட்டு இறங்கும் முன் ரிங்கரில் ஒரு பாட்டு, இயர் ஸ்பீக்கரில் ஒரு கால், வாய்ஸ் ரெக்கார்டரில் பத்து வினாடிப் பதிவு, மூன்றையும் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.