முள் இறங்கியதை நம்பி 87,500 ரூபாய் கொடுத்தேன்: லாரி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று சாயங்காலம் என் வண்டியில் எஞ்சின் ஆயிலைக் குளிர வைக்கும் ஆயில் கூலரைக் கழற்றிச் சாக்கு மேல் வைத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும்.

87,500 ரூபாய். வாங்கிக்கொண்டு வண்டியின் கோளாறை அப்படியே விட்டுவிட்டார்கள். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள்ளை மட்டும் கீழே இறக்கிக் கொடுத்தார்கள். நானும் முள் இறங்கிவிட்டது என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. தெரிந்த வக்கீல் இப்போதைக்கு வேண்டாம் என்றார். பைபாஸ் ஓரத்தில், எல்லா கம்பெனி டீசல் வண்டிகளும் கம்ப்யூட்டர் முறையில் பார்க்கப்படும் என்று பெரிய போர்டு வைத்து, உள்ளே ஓனர்கள் உட்கார ஏசி ரூம் போட்டிருக்கும் ஒர்க்‌ஷாப் ரகம். அந்த ஏசி ரூமில் ஏலக்காய் டீ கொடுப்பார்கள். அந்த டீதான் நான் குடித்ததிலேயே விலை அதிகமான டீ.

நான் நாமக்கல் பக்கம். ஒரே வண்டி, 2018 மாடல் பத்துச் சக்கரம். மாசம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். ஜூன் மாதம் டிரைவர் இரண்டு விஷயம் சொன்னான். ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி மேலே போகிறது. ஏற்றம் முடிந்து ஓரம் கட்டி ஐடிலில் விட்டால், ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்து அணைகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடும். இரண்டாவது விஷயம்தான் முக்கியம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் முள்ளை மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அப்பா காலத்திலிருந்து வண்டி பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தகரக் கொட்டகை, கீழே ஆயில் சேறு, உட்கார ஒரு பழைய டயர். இந்தக் கால வண்டிக்கு அவர் சரிப்பட மாட்டார், சென்சார் வண்டியை ஸ்கேனர் இருக்கும் இடத்தில்தான் காட்ட வேண்டும் என்று நானே முடிவு செய்து பைபாஸ் கடைக்குப் போனேன். யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

ஸ்கேனரை மாட்டினார்கள். சூப்பர்வைசர் பையனுக்கு முப்பது வயது இருக்கும், மரியாதையான பேச்சு. "அண்ணா, ஹெட் கேஸ்கெட் போயிருக்குதுங்க. ஆயில் கூலரும் அடைச்சிருக்கு. ரெண்டையும் மாத்தி, ரேடியேட்டர் கழுவி, வாட்டர் பம்ப் போட்டுட்டா அஞ்சு வருசத்துக்கு நீங்க பானட்டைத் தூக்க வேண்டியதில்லை" என்றான். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினின் ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் கசியாமல் வைக்கும் தகடு. அது போனதற்கு என்ன அடையாளம் என்று நான் கேட்கவில்லை. ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. ஆறு நாள் ஆகும் என்றான், ஒன்பது நாள் ஆனது.

டெலிவரி அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். வண்டியை அரை மணி நேரம் ஸ்டார்ட்டிங்கில் போட்டு வைத்திருந்தார்கள். பையன் டேப்லெட்டை என் கையிலேயே கொடுத்தான். "பாருங்கண்ணா, நீங்களே பாருங்க. கூலண்ட் 68. முன்னாடி 98 வரைக்கும் போன வண்டிங்க இது" என்றான். கூலண்ட் என்றால் எஞ்சினைக் குளிர வைக்க ஓடும் தண்ணீர். ஸ்கிரீனில் பச்சைக் கலரில் 68 என்று நின்றது. டேஷ்போர்டில் முள் கால் பங்குக்கு மேல் ஏறவில்லை. என் கண்ணால் பார்த்தேன், அப்புறம் என்ன வேண்டும்? 50,000 ரூபாய் ஃபோனில் அனுப்பினேன், மீதி 37,500 கையில் எண்ணிக் கொடுத்தேன். பழைய சாமான்களைக் கேட்டேன். "காயலான் கடைக்காரன் காலையிலதாண்ணா எடுத்துட்டுப் போனான்" என்றான். பில் என்று கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பில் போட்டால் வரி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம் என்று சொன்னபோது தலையாட்டியவனும் நான்தான்.

நன்றாகச் சூடேறிய டீசல் எஞ்சினில் கூலண்ட் 68 என்பது நல்ல செய்தி இல்லை. 82க்கு மேலேதான் இருக்க வேண்டும். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பதினோராவது நாள். சேலத்தில் 18 டன் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் லோடு. தொப்பூர் ஏற்றத்தில் பாதி வழியில் டிரைவர் கூப்பிட்டான். "அண்ணா, முள்ளு நடுவுலதான் நிக்குது, ஆனா ஆயில் லைட்டு எரியுது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன்." அவன் மட்டும் முள்ளை நம்பி மேலே ஏற்றியிருந்தால் கிராங்க் பேரிங் பிடித்திருக்கும், இன்றைக்கு நான் வண்டியையே விற்றிருப்பேன். லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டோம். வாடகை போனது, மாற்றுக்கூலி என் தலையில்.

கடைக்கு ஃபோன் செய்தேன். முதல் நாள், "டிரைவர் ஓவர்லோடு ஏத்தியிருப்பாருங்கண்ணா." எடைச்சீட்டை அனுப்பினேன். இரண்டாம் நாள், "வீடியோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுங்க, பாத்துட்டுச் சொல்றோம்." போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அப்புறம் முதலாளி பழனிக்குப் போயிருக்கிறார். அப்புறம் ஆடிப் பெருக்கு லீவு. அப்புறம் "ஆயில் லைட்டு வேற கம்ப்ளெயிண்ட்டுங்க, நீங்க டெம்பரேச்சருக்குத்தானே வந்தீங்க." இதைச் சொன்னது அதே பையன். ஆயில் கூலருக்கு என்று 14,800 ரூபாய் எழுதியது அவன் கைதான்.

வேறு வழியில்லாமல் தகரக் கொட்டகைக்கே போனேன். பெரியவர் ஒன்றும் குத்திப் பேசவில்லை. "தண்ணிச் சூட்டைப் பாத்துட்டுக் காசு குடுத்திருக்கறே. ஆயில் சூட்டை எவன் பாத்தான்?" என்று மட்டும் கேட்டார்.

அவரிடம் துப்பாக்கி மாதிரி ஒரு சூடு பார்க்கும் மெஷின் இருக்கிறது. சிவப்புப் புள்ளி அடித்தால் எண் காட்டும். காலி வண்டியில், நின்ற இடத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றார். ஐடிலில் ஆயிலுக்குச் சூடேற வேலையே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நின்ற வண்டியைக் காட்டியதன் சூட்சுமம் அப்போதுதான் உறைத்தது. தெரிந்தவரின் தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ராசிபுரம் பக்கம் ஒரே வேகத்தில் போனோம். கூலண்ட் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயில் நிதானமாகத்தான் ஏறும் என்பதால் முக்கால் மணி நேரம் ஓட்டச் சொன்னார். கண் முழுக்க ஆயில் விளக்கின் மேல்தான். நிறுத்தியதும் எஞ்சினை அணைக்காமல் இரண்டு இடத்தில் அடித்துப் பார்த்தார். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் (கூலண்ட் சூடு) 71. ஆயில் ஃபில்டர் ஹெட்டில் (ஆயில் சூடு) 119.

48 டிகிரி வித்தியாசம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பிஸ்டன் அடியிலும் பேரிங்கிலும் டர்போவிலும் ஓடிவரும் ஆயில் அங்கிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு வரும். ஆயில் கூலரில் அந்தச் சூட்டைக் கூலண்டுக்குக் கொடுக்கும். கூலண்ட் அதை ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்டும். கூலர் வேலை செய்தால் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஆயில் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். தண்ணீர் சும்மா இருக்க ஆயில் மட்டும் ஏறினால் ஆயில் அளவையும் கிரேடையும் பார்த்துவிட்டு நேராகக் கூலருக்குப் போக வேண்டும். சூடேறிய ஆயில் தண்ணீர் மாதிரி இளகிவிடும். ஐடிலில் பிரஷர் நிற்காது. விளக்கு மினுக்கியது அதனால்தான். எங்கள் டிரைவர் ஜூன் மாதமே நோயைச் சொல்லிவிட்டான், நாங்கள்தான் கேட்கவில்லை.

சரி, கூலண்ட் எப்படி 71இல் நிற்கிறது? ஹவுசிங்கைத் திறந்தார். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. கூலண்ட் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் வால்வு அது. கழற்றி எறிந்துவிட்டு மூடியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் சமவெளியில் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாக ஓடி, முள் கீழேயே கிடக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்கே திரும்பும் வழி (பைபாஸ்) மூடாமல் திறந்தே இருப்பதால், ஏற்றத்தில் ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும். அதாவது குளிர வேண்டிய நேரத்தில் சரியாகக் குளிராது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் பக்கம் ஒன்றும் புதிதில்லை, அப்பாவின் வண்டியிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பா யாரிடமும் அதற்கு 87,500 கொடுக்கவில்லை.

அப்புறம் கூலர். வெளி மூடியில் புத்தம் புதிதாகச் சில்வர் பெயிண்ட். போல்ட்டைக் கழற்றி உருவினால் உள்ளே 2018இல் வண்டியோடு வந்த அதே கூலர். பிளேட்டுகளுக்கு நடுவே, வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே வெள்ளை உப்பு, அது கட்டி கட்டியாக. விரல் நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. கூலண்ட் குறையும்போதெல்லாம் பங்க் குழாயில் போர்வெல் தண்ணீரைப் பிடித்து ஊற்றியதன் பலன் அது. அந்தத் தப்பு எங்களுடையது, மறைக்கவில்லை. ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் பழைய ஆயில் அழுக்கு விரல் கனத்துக்கு அப்படியே ஒட்டியிருக்கிறது. அந்த ஹெட்டை யாரும் தொடவே இல்லை. ரேடியேட்டரைக் கழுவியிருக்கிறார்கள், ஆயில் மாற்றியிருக்கிறார்கள், பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இதற்குத்தான் 87,500 ரூபாய்.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பார்த்தார். உலோக மினுக்கு இல்லை. பேரிங் தப்பித்தது என்றார். அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு மூச்சு வந்தது.

புதுக் கூலர், தெர்மோஸ்டாட், தண்ணீர் வழியெல்லாம் கழுவி நல்ல கூலண்ட், கூலியோடு சேர்த்து 29,000. இன்று காலை அதே மூட்டைகளோடு அதே ரோட்டில் போய்ப் பார்த்தோம். கூலண்ட் 86, ஆயில் 97. முள் முன்பைவிட மேலே நிற்கிறது, இதுதான் சரியான இடம் என்கிறார். இதைப் பார்த்துவிட்டுத்தான் பைபாஸ் கடைக்கு நேரில் போனேன். முதலாளி இருந்தார், பழனியிலிருந்து எப்போதோ வந்துவிட்டாராம். கூலரைக் காட்டினேன். "எங்க கடையை விட்டு வெளிய போன வண்டிங்க, நடுவுல எவன் மாத்தி வெச்சானோ" என்றார். டீ சாப்பிடுறீங்களா என்றும் கேட்டார்.

நுகர்வோர் கோர்ட்டில் போடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டி என்று எதிர்த்தரப்பு சொல்வான், ஆனால் சொந்தப் பிழைப்புக்கு வைத்திருப்பது என்று காட்டினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியச் சொன்னார். கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டும் 50,000 ரூபாய் ஃபோன் ரசீதும். கையில் கொடுத்த 37,500க்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: டெலிவரி எடுக்கும்போது லோடோடு ஓட்டிப் பார்த்து இரண்டு சூட்டையும் கேளுங்கள், ஒரு எண்ணைக் காட்டினால் காசை எடுக்காதீர்கள். சில வண்டிகளில் ஸ்கேனரே ஆயில் சூட்டைக் காட்டும். இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி மெஷின் ஒன்று வாங்கிக் கேபினில் போடுங்கள். பளபளப்பான இரும்பில் அடித்தால் எண்ணைக் குறைத்துக் காட்டும், கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அடியுங்கள். பழைய சாமான் கைக்கு வராமல், பில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

பழைய கூலர் இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. எடுத்து உள்ளே வை என்று வீட்டில் சொல்கிறார்கள். வக்கீல் ஃபோட்டோ எடுக்க நாளைக்கு வருகிறார், அதுவரை அங்கேயே இருக்கட்டும்.