வடசென்னை மின்பேருந்துகளுக்கு இரவு சார்ஜா, பகல் சார்ஜா, முனையத்தில் சார்ஜா?

வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. மாநகரப் போக்குவரத்துக் கழகம் (எம்.டி.சி.) முதல் கட்டமாகத் திட்டமிட்ட 625 வண்டிகளில் அவை முதல் தவணை. தண்டையார்பேட்டை பணிமனையும் அந்தத் திட்டத்தில் உண்டு. வடசென்னைக்கு மின்பேருந்து தேவையா என்ற விவாதம் அத்துடன் முடிந்தது. வண்டிக்கு எப்போது, எங்கே மின்சாரம் ஏற்றுவது என்பதைத்தான் இனி பேச வேண்டும். பேட்டரியின் அளவு, மின் இணைப்பின் அளவு, ஒரு வண்டி நாளைக்கு எத்தனை சிங்கிள் (ஒருவழி நடை) போகும், ஏழாம் வருஷம் அதே தடத்தில் அதனால் ஓட முடியுமா என எல்லாமே அந்த ஒரு முடிவைப் பொறுத்தவை.

போட்டியில் இருப்பவை மூன்று. பெரிய பேட்டரியை இரவில் மட்டும் நிரப்பலாம். நடுத்தர பேட்டரியை இரவிலும் நண்பகலிலும் பணிமனையிலேயே நிரப்பலாம். சிறிய பேட்டரி வைத்து ஒவ்வொரு முனையத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். வடசென்னையின் பெரும்பாலான தடங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பது எங்கள் முடிவு.

முதலில் அடிப்படைக் கணக்கு. 12 மீட்டர் நீளமுள்ள, ஏ.சி. இல்லாத நகரப் பேருந்து கிலோமீட்டருக்கு 1 முதல் 1.3 யூனிட் (கிலோவாட்-மணி) வரை செலவழிக்கும். ஏ.சி. போட்டால் இன்னொரு 0.2 முதல் 0.4 யூனிட் கூடும். நின்று நின்று போகும் தடத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தருவதால், டீசல் வண்டியைப் போல நெரிசல் இதன் வயிற்றைக் காலி செய்வதில்லை. ஆனால் ஏ.சி. கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்க்கிறது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்றால், வண்டி நகராமலே ஏ.சி. மட்டும் சில யூனிட்டைத் தின்றுவிடும். வடசென்னையில் ஏ.சி. வண்டியின் தூரத்தைக் கணக்கிடும்போது நகரின் சராசரியை எடுத்துக்கொள்வது தவறு. ஓட்டுநருக்கு ஓட்டுநர் 10 முதல் 20 சதவீதம் வரை வித்தியாசம் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய பேட்டரி, இரவு மட்டும்

320 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதத்தைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். மீதம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கையில் நிற்பது 256 யூனிட். கி.மீ.க்கு 1.15 யூனிட் என்றால் 222 கி.மீ. ஓடும். நாளைக்கு 200 கி.மீ. என்ற இலக்குக்குத் தாராளம். ஆனால் பேட்டரி தேயும். அதன் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும்போது அதே வண்டி 178 கி.மீ.தான் ஓடும். ஏ.சி. வண்டி என்றால் 140 சொச்சம். முதல் நாள் சோதனை ஓட்டத்தில் வெற்றி பெறும் வண்டி, ஒப்பந்தத்தின் பின்பாதியில் மாலை நெரிசல் நேரத்தில் பணிமனைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

எடை இன்னொரு செலவு. 230 யூனிட் பேட்டரியோடு ஒப்பிட்டால் கூடுதலாக 90 யூனிட்டுக்குச் சுமார் 600 கிலோ. வாகனக் கணக்கில் ஒரு பயணிக்கு 68 கிலோ என்பதால், கிட்டத்தட்ட ஒன்பது பேரின் இடத்தை பேட்டரி எடுத்துக்கொள்கிறது. டயரும் சீக்கிரம் தேயும்.

மின் இணைப்பில்தான் இந்த முறை அதிகம் அடி வாங்குகிறது. 100 வண்டிகள், தலா 200 கி.மீ. என்றால் பேட்டரிக்குள் 23,000 யூனிட் போக வேண்டும், இழப்பையும் சேர்த்தால் 25,000. கடைசி வண்டிகள் இரவு 11 மணிக்கு வந்து, முதல் வண்டிகள் 4 மணிக்கு மேல் கிளம்பும் பணிமனையில் கிடைப்பது ஐந்து மணி நேரம். சீராக ஏற்றினாலே 5 மெகாவாட் வேண்டும். சீராக ஏற்றாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 240 கிலோவாட் இரட்டைத் துப்பாக்கி (வண்டியில் செருகும் கைப்பிடி) சார்ஜர் 30 இருந்து, 11 மணிக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகினால் 7.2 மெகாவாட் வரை இழுக்கும். உயரழுத்த இணைப்பில் மின்வாரியம் யூனிட்டுக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, அந்த மாதத்தின் உச்ச இழுவைக்கும் தனியாக வாங்குகிறது. ஓர் இரவின் அவசரம் மாத பில்லில் வந்து நிற்கும். எந்த வண்டி முதலில் கிளம்புகிறதோ அதற்கு முதலில் மின்சாரம் தரும் சுமைப் பகிர்வு மென்பொருள் இல்லாமல் எந்தப் பணிமனையும் தொடங்கக் கூடாது.

இரவு வேலையின் வரிசையும் மாறுகிறது. டீசல் பங்க்கில் ஐந்து நிமிடம் நின்று வரிசையில் போய் நிறுத்திவிடும் பழக்கம் இங்கே செல்லாது. வண்டியைக் கழுவி, சார்ஜ் வாயைத் துடைத்து, பிறகுதான் துப்பாக்கியைச் செருக வேண்டும். ஈரத்தோடு செருகினால் மின்காப்புக் கோளாறு காட்டி சார்ஜர் நின்றுவிடும். துப்பாக்கியைத் தரையில் போட்டால் பின்களில் மண்ணும் நிலக்கரித் தூசும் ஏறும். பின் சூடாகும், சூட்டைக் கண்டதும் சார்ஜர் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும், காலையில் அந்த வண்டி பாதி வயிற்றோடு நிற்கும். இரண்டு மணிக்கு ஒரு வண்டியை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருக, பணிமனைக்குள் வண்டியை நகர்த்தும் ஷண்டிங் ஓட்டுநர்கள் தேவை. அந்த ஆள் கணக்கைத் திட்டத்தில் எழுத மறந்துவிடுகிறார்கள்.

நடுத்தர பேட்டரி, நண்பகலிலும்

230 யூனிட் பேட்டரி. பயன்படுவது 184, அதாவது 160 கி.மீ. நண்பகலில் 120 கிலோவாட்டில் அரைமணி நேரம் செருகினால் 60 யூனிட், இன்னொரு 52 கி.மீ. ஆக 212. பேட்டரி தேய்ந்து 128 கி.மீ.க்கு இறங்கிய பிறகும், நண்பகல் நேரத்தை 50 நிமிடமாக நீட்டினால் 100 யூனிட் ஏறி 215 கி.மீ. கிடைக்கும். பெரிய பேட்டரியில் தேய்மானத்தை ஈடுகட்ட வழியே இல்லை. இங்கே இருபது நிமிடத்தில் ஈடுகட்டலாம். இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான்.

மின் இணைப்பும் சுருங்குகிறது. வண்டிக்கு 100 யூனிட்டை நண்பகலுக்கு மாற்றினால் இரவுச் சுமை 5 மெகாவாட்டிலிருந்து சுமார் 2.8-க்கு இறங்கும். பகல் 11.30 முதல் 3.30 வரை ஏறக்குறைய அதே அளவு. இரவில் வேலை செய்யும் அதே சார்ஜர்கள் பகலிலும் சம்பாதிக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. 100 வண்டிகளில் ஒரே நேரத்தில் இருபதுக்கு மேல் நண்பகலில் பணிமனைக்குள் இருக்கும். ஸ்டான்லி மருத்துவமனையில் புறநோயாளிகள் சீட்டைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருவது அந்த நேரத்தில்தான். பேருந்து கிடைக்காமல் அவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது. ஷிஃப்ட் மாறும்போது வண்டி எப்படியும் சிறிது நேரம் நிற்கிறது. அந்த நேரத்தோடு சார்ஜை இணைத்து, தடத்துக்கு ஒரு வண்டி வீதம் சுழற்சியில் உள்ளே வரச் செய்தால் இழப்பு குறையும். ஒரே தடத்தின் நான்கு வண்டிகளும் ஒரு மணிக்கு உள்ளே வருமாறு அட்டவணை போட்டால் குற்றம் சார்ஜர் மீது இல்லை.

பணிமனைக்கு வர ஆளில்லாமல் ஓடும் தூரமும் உண்டு. வடசென்னையின் அமைப்பு இதில் கைகொடுக்கிறது. எண்ணூரிலிருந்து பிராட்வே போகும் வண்டிகள் தண்டையார்பேட்டையைக் கடந்துதான் போக வேண்டும். மூலக்கடை, பெரம்பூர், எம்.கே.பி. நகர் தடங்களுக்கு வியாசர்பாடி பக்கத்திலேயே இருக்கிறது. வள்ளலார் நகர் – செங்குன்றம் போன்ற நடுத்தரத் தடங்களுக்கும் கஷ்டமில்லை. கிளாம்பாக்கம் வரை போகும் நீண்ட தடங்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. அங்கே பெரிய பேட்டரியே சரி. ஒரே பணிமனையில் இரண்டு அளவு பேட்டரி வைத்திருப்பதில் தவறில்லை.

முனையத்தில் சார்ஜ்

காகிதத்தில் அழகானது இதுதான். சிறிய பேட்டரி, குறைந்த எடை, ஒவ்வொரு சிங்கிளுக்கும் பத்து நிமிடம் சார்ஜ். வடசென்னைச் சாலையில் இது தோற்கும். அந்தப் பத்து நிமிடத்தை நம்ப முடியாது என்பதே காரணம். மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் நெரிசலில் வண்டி பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தால், டைம் கீப்பர் உடனே அடுத்த சிங்கிளுக்கு அனுப்புவார். அதுதான் பயணிகளுக்கு நியாயம். சார்ஜ் விட்டுப்போகும். இரண்டு முறை விட்டுப்போனால் மூன்றாவது சிங்கிள் நடுவழியில். போதாததற்கு ஒவ்வொரு முனையத்துக்கும் தனி உயரழுத்த இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர், காவல். வள்ளலார் நகரில் வண்டி திரும்பவே இடம் போதவில்லை. எண்ணூரில் கடற்காற்று பின்களையும் பெட்டிகளையும் அரிக்கும்.

காலி பேட்டரியைக் கழற்றி நிரம்பியதை மாட்டும் முறை 2019-இல் அகமதாபாதில் பேருந்துகளுக்குப் பயன்பட்டது. உதிரி பேட்டரிகளுக்கான முதலீடும், எல்லா வண்டிக்கும் ஒரே பேட்டரி என்ற கட்டாயமும் இருப்பதால், பல நிறுவன வண்டிகள் வந்து சேரும் கழகத்துக்கு அது ஏற்றதல்ல.

புகை எங்கே போகிறது

நகர டீசல் பேருந்து லிட்டருக்கு 4 முதல் 4.5 கி.மீ. தருகிறது. ஒரு லிட்டர் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு, அதாவது கி.மீ.க்கு 0.6 கிலோவுக்குச் சற்று மேல். மின்பேருந்து சார்ஜரில் இழுப்பது கி.மீ.க்கு 1.25 யூனிட். இந்திய மின்தொகுப்பின் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஆக 0.9 கிலோவுக்கு அருகே. சராசரி மின்சாரத்தில் ஓடும் பெரிய மின்பேருந்து கரியமில வாயுவைக் குறைப்பதில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தெருவில் கரும்புகை போவதும், நிறுத்தத்தில் நிற்பவர் காதும் மூச்சும் தப்பிப்பதும் உண்மையான லாபம். ஆனால் வல்லூரின் 1,500 மெகாவாட் அனல் மின்நிலையமும் அத்திப்பட்டின் வட சென்னை அனல் மின்நிலையமும் இதே மக்களின் தலைமாட்டில் இருக்கின்றன. எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்த கதை ஊரறிந்தது. இரவில் நிலக்கரி மின்சாரத்தை ஏற்றி, பெரம்பூர் புகையை எண்ணூருக்கு அனுப்புவதை வடசென்னைக்குச் செய்த நன்மையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

நண்பகல் சார்ஜின் இரண்டாவது பலம் இங்கே தெரிகிறது. தமிழ்நாட்டுத் தொகுப்பில் சூரிய மின்சாரம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் இரவிலும் காற்றாலை மின்சாரம் கிடைக்கும். மற்ற மாதங்களில் பகல்தான் சுத்தம்.

அழுத்திய இயற்கை எரிவாயுவான சி.என்.ஜி. இன்னொரு போட்டியாளர். எண்ணூரில் 2019 முதல் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் இயங்குகிறது, எரிவாயு வடசென்னையின் வாசலில் இருக்கிறது. பழைய டீசல் வண்டியை மாற்றும் செலவு புதிய மின்பேருந்து விலையில் சிறு பங்குதான். கரும்புகையும் குறையும். ஆனால் சத்தம், கிளட்ச், கியர் பெட்டி, ஆயில் எல்லாம் அப்படியே தொடரும். ஆயுள் மீதமிருக்கும் வண்டிகளுக்கு சி.என்.ஜி.யும், புதிதாக வாங்குபவற்றுக்கு மின்சாரமும் என்று பிரித்துக்கொள்வது சரி.

வெள்ளமும் உப்பும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீரும் வடியவில்லை, மின்சாரமும் வரவில்லை. 2024 செப்டம்பரில் மணலி துணை மின்நிலையக் கோளாறால் நகரின் பெரும்பகுதி இருண்டது. எனவே டிரான்ஸ்ஃபார்மர், சார்ஜர், மின்பலகை எல்லாம் 2015, 2023 வெள்ளக் குறிகளைப் பார்த்து, அதைவிட உயர்ந்த மேடையில் இருக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு துணை மின்நிலையங்களிலிருந்து இணைப்பு வேண்டும். ஒரே நிலையத்திலிருந்து வரும் இரண்டு கேபிளால் பயனில்லை.

பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 தரம் என்றால் ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை சுத்தமான நீரில் நடக்கிறது. பக்கிங்காம் கால்வாயின் சாக்கடையும் உப்பும் கலந்த நீர் வேறு. நீரில் ஓடிய வண்டியை உடனே சார்ஜில் போடக் கூடாது. இணைப்பான்களை நல்ல நீரில் கழுவி, உலர்த்தி, மின்காப்புத் தடையை அளக்க வேண்டும். மின்வாகனப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்.-038 விதிப்படி நேர்மின் (டி.சி.) பக்கம் வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம். 600 வோல்ட் வண்டியில் 60 கிலோஓம். கருவி அந்த எண்ணின் அருகே காட்டினாலே வண்டியைத் தடத்துக்கு அனுப்பாமல் ஈரம் எங்கே என்று தேட வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும் நாள்களுக்காக ஒவ்வொரு வடசென்னைப் பணிமனையிலும் சில டீசல் வண்டிகளை ஓடும் நிலையில் வைத்திருப்பது அவசியம்.

கிலோமீட்டருக்கா, மணிக்கா

வியாசர்பாடி வண்டிகள் மொத்தச் செலவு ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் நிறுவனத்தின் பொறுப்பு, நடத்துநரும் டிக்கெட் பணமும் கழகத்தின் பக்கம். ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். கழகமே வாங்கி ஓட்டுவதைவிட இதில் முதலீட்டுச் சுமையும் பேட்டரி அபாயமும் குறைவு. ஆனால் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் நகரும் தடத்தில் 200 கி.மீ. ஓட 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிலோமீட்டருக்கு மட்டும் பணம் என்றால், நெரிசல் தடங்கள் யாருக்கும் வேண்டாதவையாகிவிடும். புது வண்டிகள் வேகமாக ஓடும் தெற்குத் தடங்களுக்குச் சாயும், மணலிக்கும் எண்ணூருக்கும் ஓட்டை டீசலே மிஞ்சும். தண்டையார்பேட்டை ஒப்பந்தத்தில் கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சாலையில் இருந்த மணிக்கணக்குக்கும், மறுபகுதியை கிலோமீட்டருக்கும் தர வேண்டும். நண்பகல் சார்ஜில் நிற்கும் நேரத்தை அட்டவணையின் பகுதியாகவே எழுதி, எந்தத் தடத்துக்கு எத்தனை மின்பேருந்து என்பதை இணைப்பில் பெயரிட்டுச் சேர்க்க வேண்டும்.