அல்மாக்ரோவில் ஒரு கோடை: சைவக் குடும்பத்தின் கண்ணில் கத்திரிக்காய் ஊறுகாய்

ஸ்பெயினின் லா மாஞ்சா பக்கம் போகும் சைவக்காரர்களுக்கு முதல் எச்சரிக்கை: மெனுவில் ‘காஸ்பாச்சோ மாஞ்செகோ’ என்று பார்த்தால் தக்காளி சூப் என்று நினைத்து ஆர்டர் பண்ணிவிடாதீர்கள். ஜில்லென்று குடிக்கிற காஸ்பாச்சோ வேறு. இது முயல், கவுதாரி எல்லாம் போட்டு, தட்டை ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொதிக்க வைக்கிற வேட்டைக்காரர் குழம்பு.

என் மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜூலை மாதம் அல்மாக்ரோவில், வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் வீட்டில் தங்கினோம். மாட்ரிட்டிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர், சியுதாத் ரியால் மாகாணம். ரயில் உண்டு. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களையும் பார்க்க வேண்டுமென்றால் கார் இல்லாமல் கஷ்டம்.

சாப்பாடுதான் என் கவலை. முதல் நாள் ஒரு பாரில் “இறைச்சி வேண்டாம்” என்று தெளிவாகச் சொன்னோம். சாலட் வந்தது, மேலே சூரை மீன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிஸ்தோ கேட்டோம். குடைமிளகாய், தக்காளி, சுரைக்காய் ஜாதியில் ஒரு காய் எல்லாம் எண்ணெயில் வதங்கிய அருமையான கூட்டு அது. தலையில் ஒரு பொரித்த முட்டையைச் சுமந்துகொண்டு வந்தது. பரிமாறியவர் மேல் தப்பில்லை, அவர் கணக்கில் மீனும் முட்டையும் இறைச்சியே இல்லை. அதனால் ஹாம் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். “சைவம்” என்று மொத்தமாகச் சொல்வது அங்கே வேலைக்கு ஆகாது.

அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது குளிர்பானத்தோடு இலவசமாக வந்த ஒரு சின்னத் தட்டு. அந்த மாகாணத்தில் பல பார்களில் எதைக் குடித்தாலும் கூடவே கொறிக்க ஏதாவது வைப்பார்கள். அன்றைக்கு வைத்தது அல்மாக்ரோ கத்திரிக்காய்.

நாம் எண்ணெய்க் கத்திரிக்காய்க்குப் பொறுக்குகிற பிஞ்சைவிடச் சின்னது. பச்சை நிறம், ஆங்காங்கே லேசாக ஊதா. காயை முக்கால்வாசி மூடுகிற அளவுக்குப் பாவாடை பெரிசு, காம்பும் நீளம். இதை வேகவைத்து வினிகர், உப்பு, எண்ணெய், பூண்டு, சீரகம், மிளகாய்ப் பொடி சேர்த்த தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். மிளகாய்ப் பொடி நிறத்துக்குத்தான், காரத்துக்கு இல்லை. இன்னொரு வகையில் காயைக் கீறி, உள்ளே சிவப்புக் குடைமிளகாய்த் துண்டு ஒன்றைச் செருகி, சோம்புச் செடியின் தண்டைக் குச்சியாகக் குத்தி மூடுவார்கள். சாப்பிடும்போது மறக்காமல் அந்தக் குச்சியை உருவிவிடுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தால் நீங்களே உருவிக் கொடுங்கள். காம்பைப் பிடித்து, தலையை முன்னால் நீட்டிக் கடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாறு முழங்கை வரை ஓடும். வெள்ளைச் சட்டை போட்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

மாமியார் ஒன்றைக் கடித்தார், கண்ணை மூடினார். “ஏம்மா, சீரகம் கொஞ்சம் தூக்கல். மத்தபடி குத்தம் சொல்ல முடியாது” என்றார். அவரிடமிருந்து இது பெரிய சான்றிதழ்.

வாங்குவதானால் பிளாசா மயோர் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பாட்டில், டின் இரண்டும் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அல்மாக்ரோ, பொலான்யோஸ் உட்பட ஆறே ஊர்களுக்குத்தான் அந்த உரிமை. என் ஓட்டு குடைமிளகாய் செருகிய முழுக் காய்க்கு. நறுக்கிப் போட்டது வேண்டாம், வினிகர் உள்ளே வரை ஏறி, காயின் ருசியே போய்விடுகிறது. எல்லாவற்றையும்விட நண்பரின் அம்மா வீட்டில் மண்ஜாடியில் போட்டு வைத்திருந்ததுதான் மென்மை. அதை விலைக்கு வாங்க முடியாது என்பதுதான் குறை.

தங்கல் பற்றி: ஜூலையில் மதியம் வெயில் 38 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணம். தடித்த சுண்ணாம்புச் சுவர், நடுவே முற்றம், முற்றத்துக்கு மேலே துணிப் பந்தல். காலை பத்து மணிக்கே ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டு வழக்கத்தில் நான் காற்றுக்காகத் திறக்க, நண்பரின் அம்மா மூட, முதல் இரண்டு நாள் மௌனப் போராட்டமே நடந்தது. ஜெயித்தது அவர்தான், வீடும் குளிர்ந்தது. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, அப்புறம் ஆறு மணி வரை தெருவில் ஆளே கிடையாது. ராத்திரிச் சாப்பாடு பத்துக்கு. சூரியன் மறையவே ஒன்பதரை தாண்டுகிறது, பிள்ளைகளை எப்படித் தூங்க வைப்பது? முயற்சி பண்ணாதீர்கள். ஊர்ப் பிள்ளைகள் நள்ளிரவு வரை சதுக்கத்தில் பந்து விளையாடும், பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் நகராட்சி நீச்சல் குளம் எங்கள் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்தது.

சதுக்கத்தின் இரண்டு பக்கமும் பச்சை மரச்சட்ட ஜன்னல்கள் வரிசையாக நிற்கும். அங்கேயே கொர்ரால் தே கொமேதியாஸ் என்ற நாடகக் கொட்டகை, 1628-இல் கட்டியது. பின்னால் சத்திரமாகி, மறந்துபோய், 1950களில் மறுபடி கண்டெடுக்கப்பட்டு, இன்றும் நாடகம் நடக்கிறது. ஜூலை முழுக்கச் செவ்வியல் நாடக விழா. அறை கிடைப்பது கடினம், நண்பர் வீடு இல்லாவிட்டால் மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பகலில் சுற்றிப் பார்ப்பதே போதும். இரவுக் காட்சி பழைய ஸ்பானிஷ் செய்யுளில் போகும், என் சின்னவள் முதல் அங்கத்திலேயே தூங்கிவிட்டாள்.

திரும்பும்போது ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லிக்கு மேல் திரவம் என்று எடுத்துவிடுவார்கள். டின்னாக வாங்கிப் பெரிய பெட்டியில் போடுங்கள். ஊருக்கு வந்து தயிர்சாதத்தோடு தொட்டுப் பார்த்தோம், சேரவில்லை. வினிகர் நெடியும் தயிரும் சண்டை போடுகின்றன. பிரெட்டோடு சாப்பிடுங்கள், பக்கத்தில் துடைக்கத் துணி ஒன்று இருக்கட்டும்.