சிம்ப்சன்ஸ்: ஹிட் அண்ட் ரன் – முதலில் ஊரைச் சுற்றுங்கள், மிஷன் அப்புறம்

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை வைத்து 2003-ல் வந்த கேம் இது. இருபது வருஷம் தாண்டியும், கார்ட்டூன் தொடரை வைத்துச் செய்த கேம்களில் எதை ஆடலாம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வோம். கனடாவின் வான்கூவரில் இருந்த ரேடிக்கல் என்டர்டெயின்மென்ட் உருவாக்கியது, விவெண்டி யுனிவர்சல் கேம்ஸ் வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், பிசி என நான்கிலும் வந்தது.

இதே ரேடிக்கல் 2001-ல் ‘ரோட் ரேஜ்’ என்று ஒரு சிம்ப்சன்ஸ் கேம் செய்திருந்தது. ஆளை ஏற்றி இறக்குவதுதான் அதில் முழு வேலையும். தன் ‘கிரேசி டாக்ஸி’ கேமின் முறையை எடுத்துக்கொண்டார்கள் என்று சேகா நிறுவனம் வழக்கே போட்டது. ஹிட் அண்ட் ரன்னில் காரை விட்டு இறங்கலாம். அந்த ஒரு மாற்றம் போதும், கேமே வேறாகிவிட்டது. குவிக்-ஈ-மார்ட் கடைக்குள் நுழையலாம், சிம்ப்சன்ஸ் வீட்டு ஹாலில் நடக்கலாம், கூரை மேல் தாவலாம், தெருவில் போகிற எந்தக் காரிலும் ஏறி ஓட்டலாம். துப்பாக்கி கிடையாது, காரும் காலும்தான் ஆயுதம்.

மொத்தம் ஏழு லெவல்கள், மூன்று மேப்கள். 1, 4, 7 மூன்றும் எவர்கிரீன் டெரஸ் பக்கம்: வீடு, பள்ளிக்கூடம், அணுமின் நிலையம், பர்ன்ஸ் மாளிகை, கல்லறை. 2-ம் 5-ம் டவுன்டவுன். 3-ம் 6-ம் ஸ்குவிட்போர்ட் கடற்கரை. அப்பா ஹோமர், மகன் பார்ட், மகள் லிசா, அம்மா மார்ஜ், கடைக்காரர் அபு, மறுபடி பார்ட், மறுபடி ஹோமர் என்று ஆள் மாறிக்கொண்டே போகும். ஒரு மேப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டிப் போக முடியாது. லெவல் மாறினால்தான் இடம் மாறும். ‘ஓப்பன் வேர்ல்டு’ என்று நினைத்து ஒரே பெரிய ஊரை எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே ஏமாற்றம் உண்டு. ஆனால் ஒரே தெருவை மூன்று லெவலில் ஓட்டுவதால் வழி கையோடு ஒட்டிக்கொள்கிறது. கடைசிக் கட்டத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

மிஷன்களில் பெரிய வகைவகை எல்லாம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ரேஸ், பொருள் பொறுக்குவது, ஒரு வண்டியைப் பின்தொடர்வது, துரத்துபவரிடமிருந்து தப்புவது, ஒரு காரை இடித்து நொறுக்குவது – இந்த ஐந்தும்தான் மாறி மாறி வரும். எல்லாவற்றின் தலையிலும் டைமர் ஓடும். நான்காவது லெவலிலிருந்து அது இறுகிக்கொண்டே போகும். பெரும்பாலானவர்கள் தோற்பது வேகம் போதாமல் இல்லை, திருப்பத்தில் சுவரில் மோதி நிற்பதால்தான். திரை ஓரத்துச் சிறு மேப்பான ரேடாரில் தெரியும் குறியை மட்டும் பார்த்து ஓட்டினால் பாதி ஷார்ட்கட் கண்ணில் படாது. வீட்டுக் கொல்லைப்புறம், பள்ளி மைதானம், கல்லறை என்று பல இடங்களில் குறுக்கே புகுந்து போகலாம். ஆகவே லெவல் தொடங்கியதும் மிஷன் கொடுப்பவரிடம் ஓடாதீர்கள். டைமர் இல்லாத அந்த நேரத்தில் மேப்பை இரண்டு முறை சுற்றுங்கள், ஒரு முறை சாலையோடு, ஒரு முறை சாலையை விட்டு விலகி. ஹேண்ட்பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே லேசாகத் தட்டி விட்டுவிட வேண்டும். அழுத்திப் பிடித்தால் கார் முழுதாகச் சுழன்று எதிர்த்திசை பார்த்து நிற்கும்.

நொறுக்கும் மிஷன்களில் பின்னால் ஒட்டிக்கொண்டு இடிப்பதில் அடி சரியாக விழாது. முன்னால் போகிற வண்டி திருப்பத்தில் வேகம் குறைக்கும்போது குறுக்கே வந்து பக்கவாட்டில் மோதுங்கள். உங்கள் காரும் அடிபடும், அதனால் புகை வரத் தொடங்கினால் சாலையில் மிதக்கிற ரென்ச் மேல் ஓட்டிவிடுங்கள், உடனே சரியாகிவிடும். ரென்ச் எங்கெங்கே இருக்கிறது என்பதும் அந்த முதல் சுற்றிலேயே பார்த்து வைக்க வேண்டிய விஷயம். ஒரே மிஷனில் பலமுறை தோற்றால் அதைத் தாண்டிப் போகும் வழியைக் கேமே காட்டும். பிள்ளைகள் ஆடும்போது இது பெரிய உதவி.

பெயருக்குக் காரணமான ஹிட் அண்ட் ரன் மீட்டர் ரேடாரைச் சுற்றி வட்டமாக இருக்கும். ஆளை இடித்தாலும் பொருளை உடைத்தாலும் அது நிறையும். நிறைந்ததும் போலீஸ் கார்கள் வந்து சூழும். சிக்கினால் 50 காயின் அபராதம். கலாட்டா பண்ணாமல் ஓட்டினால் மீட்டர் தானாக வடியும். அபராதத்தை விடக் கூடுதல் நஷ்டம், டைமர் ஓடும்போது போலீஸ் குறுக்கே வந்து நிற்பது. எனவே காயின் சேர்க்க உடைப்பதை மிஷனுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

காயின் எதற்கு? கார் வாங்க, உடுப்பு வாங்க. சில மிஷன்களை இன்ன கார் இருந்தால்தான், இன்ன உடுப்பு போட்டிருந்தால்தான் தொடங்கவே விடும். கையில் காயின் இல்லாமல் அந்த இடத்தில் மாட்டினால், கதையை நிறுத்திவிட்டுப் பெட்டி உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கேமின் ஆக மோசமான பகுதி இதுதான், தேவையில்லாத இழுவை. இதற்கு மருந்து வாஸ்ப் கேமராக்கள். லெவலுக்கு 20 வீதம், குளவி மாதிரிப் பறந்துகொண்டிருக்கும். இறங்கிக் குதித்து உதைத்தால் உடைந்து காயின் கொட்டும். ‘பஸ் கோலா’ (Buzz Cola) என்ற குளிர்பானம் விற்கும் மெஷின்களையும் உடைக்காமல் விடாதீர்கள். வாங்கிய கார்கள் தெருவோர டெலிபோன் பூத்தில் கிடைக்கும். அங்கே ஒவ்வொரு காருக்கும் வேகம் எவ்வளவு, எவ்வளவு அடி தாங்கும் என்றெல்லாம் காட்டும். நொறுக்கும் மிஷனுக்கு அடி தாங்கும் வண்டி, ரேஸுக்குத் திருப்பத்தில் ஆடாத வண்டி. மார்ஜின் கான்யனேரோ மாதிரி கனமான வண்டி இடிக்க நல்லது, குறுகிய திருப்பத்துக்கு ஆகாது.

கதையை மெச்ச வேண்டும். ஊரெங்கும் கறுப்பு வேன்கள், பறக்கும் கேமராக்கள், புதிதாக வந்த பஸ் கோலா – இவற்றின் பின்னால் இருப்பது யார் என்று ஒவ்வொரு ஆளும் தன் பங்குக்குத் துப்புத் துலக்குகிறார்கள். தொடரின் எழுத்தாளர்களே எழுதி, தொடரில் குரல் கொடுத்தவர்களே பேசியிருக்கிறார்கள். அதனால் இடித்தால் திட்டுவதும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் முணுமுணுப்பதும் அசலாக இருக்கிறது. மணிக்கணக்கில் ஆடினால் அதே வசனங்கள் திரும்ப வருவது மட்டும் சலிப்பு. இன்னொரு சின்ன அக்கறை: கருவியின் தேதி ஹாலோவீன், தேங்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் ஆக இருந்தால் மெனுவில் தெரியும் வீட்டு ஹாலும் அதற்கேற்ற அலங்காரத்தோடு இருக்கும்.

ஏழாவது லெவலின் கடைசி மூன்று மிஷன்களும் ஒரே வேலைதான். அணுமின் நிலையத்தில் கழிவு டிரம்மைக் காரில் ஏற்றி, பள்ளிக்கூடத்தின் மேல் நிற்கும் பறக்கும் தட்டின் கதிருக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். பலமாக மோதினால் டிரம் வெடிக்கும், மிஷன் முடிந்தது. டைமரோ இரக்கமே காட்டாது. பலர் கேமைக் கைவிட்டது இங்கேதான். முதல் லெவலில், லிசாவின் சயன்ஸ் புராஜெக்டோடு பள்ளி முதல்வர் ஸ்கின்னருக்கு முன்னால் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த அதே பகுதிதான் இது என்பதை நினைவில் வையுங்கள். மிஷனைத் தொடங்கும் முன் நிலையத்திலிருந்து பள்ளிக்குச் சும்மா நான்கைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். தாவிக் குதிக்கும் ஷார்ட்கட்டை விட, தரையோடு போகும் வழிதான் டிரம்முக்குப் பாதுகாப்பு. எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கிச் சில விநாடி இழப்பது மோதலை விட மேல்.

ஊரில் ஒளிந்திருக்கும், சேகரிக்க வேண்டிய கார்டுகள் மொத்தம் 49, லெவலுக்கு ஏழு. ஒவ்வொன்றும் பழைய எபிசோட் ஒன்றை நினைவூட்டும் பொருள். பெரும்பாலும் ஷார்ட்கட் நடுவிலோ கூரை மேலோ இருக்கும், எனவே ஊரைச் சுற்றும்போதே பாதி கிடைத்துவிடும்.

இப்போது வாங்குவது எப்படி? டிஜிட்டல் கடைகளில் விற்பனைக்கு இல்லை, பழைய டிஸ்க் தேடித்தான் வாங்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் என்றால் உங்கள் கன்சோலின் ரீஜனும் (எந்த நாட்டுப் பகுதிக்கானது என்பது) டிஸ்க்கின் ரீஜனும் ஒன்றா என்று கேளுங்கள், மெமரி கார்டும் தனியாகத் தேவை. கேம்கியூப் டிஸ்க் நின்டெண்டோவின் ஆரம்பகால வீ (Wii) கன்சோலிலும் ஓடும், ஆனால் கேம்கியூப் கன்ட்ரோலரும் அதன் மெமரி கார்டும் வேண்டும். அதற்கான துளைகள் இல்லாத பிந்தைய வீ மாடல்களில் ஓடாது. பிசி டிஸ்க்கில் வேறு சிக்கல்: அந்தக் காலத்து டிஸ்க் பாதுகாப்பை இன்றைய விண்டோஸ் ஏற்காததால், இன்ஸ்டால் ஆன பிறகும் கேம் திறக்காமல் போகலாம். அதைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கு பிசிதான் சிறந்த தேர்வு. டோனட் டீம் என்ற ரசிகர் குழு இலவசமாகத் தரும் மாட் லாஞ்சரில் (ரசிகர்கள் கேமில் செய்த மாற்றங்களான ‘மாட்’களைப் போட உதவும் மென்பொருள்) அகலத்திரை வசதியும் ஏராளமான மாட்களும் கிடைக்கின்றன. முதல்முறை ஆடுபவர்கள் மாட் எதையும் போடாமல், அகலத்திரையை மட்டும் இயக்கி, அசல் கேமை ஒரு சுற்று முடியுங்கள்.