நூற்றாண்டு விழாவுக்கு மரக்கன்று: வனத்துறை நாற்றங்காலா, தனியார் நர்சரியா?

பள்ளி நூற்றாண்டு விழாவுக்கு நூறு கன்று நடலாம் என்று முடிவானதும் முன்னாள் மாணவர்கள் போய் நிற்பது சாலையோர நர்சரியில்தான். நாட்டு மரம் வேண்டுமென்றால் வனத்துறை நாற்றங்காலே மேல். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நாட்டு மரங்களுக்கு முதலிடம் தருவதால் புங்கன், வேம்பு, நாவல், நீர்மருது, மகிழம் என்று அங்கே கேட்டு வாங்கலாம். தனியாரிடம் கண்ணில் படுவதோ மே ஃப்ளவரும் டபேபுயாவும். ஒன்று மடகாஸ்கர் மரம், மற்றது அமெரிக்கக் கண்டத்து மரம். கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தை யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம்.

நாற்றங்கால் கன்று பார்க்கச் சின்னதாக இருக்கும். விழாக் குழுவில் ஒருவர் கட்டாயம் "போட்டோவில் தெரியணும், ஆறடிக் கன்றா வாங்குங்க" என்பார். கேட்காதீர்கள். சின்னக் கவரில் ஆறடி வளர்ந்த கன்றுக்கு வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். நட்டபின் சுருள் பிரியாமல் தடித்து, சில வருடத்தில் ஒரு காற்றுக்கே சாயும். இரண்டு மூன்றடி உயரம், பென்சில் கனத் தண்டு போதும்.

எடுக்கும்போது கவரின் அடியைப் பாருங்கள். வேர் துளை வழியே தரையில் இறங்கியிருந்தால், பிடுங்கும்போது அறுந்து மறுநாளே இலை தொங்கும். அப்படிப்பட்ட கன்றை இரண்டு வாரம் முன்பே இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். நிழல்வலைக்குள் இருந்ததை வெயிலுக்குப் பழக்கவும் அதே இரண்டு வாரம்தான். வண்டியில் தார்ப்பாய் மூடாமல் கொண்டுவந்தால் காற்றிலேயே இலை கருகும்.

விழா ஏப்ரலில் வருகிறதா? அன்றைக்கு மேடைக்கு ஒரு கன்று போதும், மீதியை ஐப்பசி மழைக்கு நடுங்கள். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. முன்கூட்டியே வெட்டி ஆறப்போட்டு, மேல்மண்ணோடு மூன்று கிலோ மக்கிய தொழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்ப வேண்டும். பச்சைச் சாணி போட்டால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. விழா அவசரத்தில் கவரோடு புதைப்பவர்கள் இன்றும் உண்டு; பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் கவரை உருவி எடுக்க வேண்டும். கவரில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள், தண்டு புதைந்தால் அழுகும். குச்சி நட்டுச் சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் போதும். நைலான் தண்டை அறுத்துவிடும்.

ஆடு திரியும் இடமானால் புங்கனைக் கூட்டுங்கள், அதை அவ்வளவாக மேயாது. வேம்புக்கும் பூவரசுக்கும் முள்வேலி இல்லாமல் பிழைப்பில்லை. ஆல், அரசை மதில் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை குடம் தண்ணீர் யார் ஊற்றுவது என்று ஆள் பெயரோடு எழுதிக்கொண்டு, அந்த எண்ணிக்கைக்குத்தான் கன்று கேளுங்கள். கூடவே பத்துப் பதினைந்து உபரி வாங்கிப் பள்ளி நிழலில் கவரோடு வையுங்கள், பட்டுப்போன குழிக்கு அடுத்த மழைக்குள் மாற்ற உதவும்.