டா நாங் சந்துக்குள் பாட்டி கடை பான் ஸெயோ

வியட்நாமின் டா நாங் நகரத்தில் ஹோவாங் யியூ தெருவுக்குப் போய் 280ஆம் எண் சந்துக்குள் நுழைந்து கோடி வரைக்கும் நடங்கள். 23ஆம் எண் வீடுதான் பான் ஸெயோ, அதாவது இறாலும் இறைச்சியும் வைத்து மடித்த மொறுமொறு அரிசிமாவுத் தோசை, சுடுகிற கடை. பெயர் பா யூங். பா என்றால் அங்கே பாட்டி. அதே சந்தில் இதே பலகாரம் விற்கிற வேறு கடைகளும் உண்டு, கூப்பிடுகிறார்களே என்று பாதியில் உட்கார்ந்துவிடாமல் கடைசிக்குப் போய்விட வேண்டும். சந்து திரும்பும்போதே மாவு எண்ணெயில் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் ஸெயோ என்று பெயர், பான் என்பது மாவுப் பலகாரம் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்.

வரிசையாகச் சின்னச் சின்ன இரும்புச் சட்டிகள். ஒவ்வொன்றிலும் எண்ணெய், இரண்டு மூன்று இறால், ஒரு துண்டு பன்றி இறைச்சி, மேலே ஒரு கரண்டி மாவு. நீளமாக முளைத்த பயறு ஒரு கைப்பிடி போட்டு, ஓரம் மொறுமொறு என்று ஆனதும் பாதியாக மடித்துத் தட்டில் தள்ளுகிறார்கள். மஞ்சள் நிறத்தைப் பார்த்து முட்டை தோசை என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். அந்த நிறம் முட்டையால் வருவது இல்லை, அது வெறும் மஞ்சள்பொடி. நம்ம மாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், உளுந்து இல்லை, புளிக்க வைப்பதும் இல்லை. அரிசியை ஊறவைத்து அரைத்து ரவா தோசை மாவை விட நீர்க்கக் கரைத்து உடனே ஊற்றுகிறார்கள், அதனால்தான் அந்த மொறுமொறுப்பு.

ஆனால் இதை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு "சுமார்தான்" என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் சாப்பாடு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பச்சிலை வரும். லெட்யூஸ், புதினா, ஊதா நிறத்தில் தியா தோ என்கிற இலை, மீன் வாடை அடிக்கிற இன்னொரு இலை (அதன் பெயரிலேயே மீன் இருக்கிறது, யெப் கா, கா என்றால் மீன்), துவர்ப்பான பச்சை வாழைக்காய்ச் சீவல், சில நாள் நட்சத்திரப்பழமும். கண்ணாடி போல மெல்லிய அரிசித்தாளை உள்ளங்கையில் விரித்து, இலைகளை அடுக்கி, சூடான பான் ஸெயோவை மேலே வைத்து, சுருட்டி, துவையலில் நன்றாக முக்கி வாயில் போட வேண்டும். சூடும் குளிர்ச்சியும் மொறுமொறுப்பும் துவர்ப்பும் ஒரே கடியில் வருகிறது. எனக்கு முதல் இரண்டு சுருள் பிரிந்து போனது. மேசை துடைக்க வந்த அக்கா ஒன்றுமே சொல்லாமல் என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அந்தத் துவையலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தெற்கே சைகோனில் மீன் சாற்றில் எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய், தண்ணீர் கலந்த தெளிவான சாறு தருவார்கள். டா நாங்கில் அப்படி இல்லை, ஈரல், நிலக்கடலை, எள்ளு, புளிக்கவைத்த சோயா எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பு. அதன் கனம் அந்த இலைகளோடு சேரும்போதுதான் பிடிபடுகிறது. மீன் சாறு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் அடைத்து ஒரு வருஷம் போல ஊறவிட்டு வடிப்பது அது. டா நாங் ஓரத்திலேயே நாம் ஓ என்ற மீனவ ஊர் அதற்குப் பேர் போனது. குளச்சலில் நெத்திலிக் கருவாடு காயும் வாசத்தில் வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமே இல்லை.

கூடவே நெம் லூயி என்று, அரைத்த பன்றி இறைச்சியை எலுமிச்சைப்புல் தண்டில் பிடித்துச் சுட்டு வைப்பார்கள். கேட்காமலே வரும், தின்ற குச்சியை எண்ணித்தான் காசு. ஒரு லட்சம் டாங் நம்ம பணத்துக்கு ஏறக்குறைய 300, 350 ரூபாய், நோட்டில் உள்ள பூஜ்ஜியங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பன்றி சாப்பிடாதவர்கள் மட்டும் கவனம், உள்ளே துண்டு இல்லை என்றாலும் துவையலில் ஈரல் இருக்கும். சைவம் வேண்டும் என்றால் "சாய்" என்று பலகை போட்ட கடையைத் தேடுங்கள், அங்கே அமாவாசை, பௌர்ணமியில் சைவம் சாப்பிடுகிற புத்த மதத்தினர் ஏராளம், காளானும் டோஃபுவும் வைத்த பான் ஸெயோ நன்றாகவே கிடைக்கும்.

இதே டா நாங்கில் கடற்கரை ஓரம் பளபளப்பான ஒரு உணவகத்தில் முதல் நாள் இதையே சாப்பிட்டு ஏமாந்தேன். முன்கூட்டியே சுட்டு வைத்ததைச் சூடாக்கித் தந்தார்கள், இலை என்று இரண்டு லெட்யூஸ், அப்புறம் தக்காளி சாஸ். அதோடு விட்டிருந்தால் இந்தப் பலகாரத்தையே தப்பாக நினைத்திருப்பேன்.

சைகோனில் டான் டின் பகுதியில், இளஞ்சிவப்பு நிற தேவாலயத்துக்கு எதிரே உள்ள தெருவில் 46ஏ என்று எண்ணையே பெயராக வைத்த கடை. காலையில் பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு (தமிழர்கள் கட்டிய கோயில், இன்று அந்த ஊர்க்காரர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள்) மத்தியானம் அங்கே போனோம். தெற்கத்திப் பான் ஸெயோ பெரிய தோசை அளவு. மாவில் தேங்காய்ப்பால், உள்ளே அவித்த பயறு, சுற்றுவதற்கு அரிசித்தாளுக்குப் பதில் காரமான கடுகுக்கீரை. அரிசி, மஞ்சள், தேங்காய், பயறு... முதல் வாயிலேயே எனக்கு முந்திரிக்கொத்து ஞாபகம் வந்துவிட்டது. வெல்லம் மட்டும்தான் இல்லை. ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்றைத்தான் சாப்பிடலாம் என்றால் டா நாங்தான், சின்னதாக இருப்பதால் கடைசித் துண்டு வரை ஓரம் மொறுமொறுப்பாகவே இருக்கிறது.

கொச்சியிலிருந்து சைகோனுக்கு 2023 முதல் நேரடி விமானம் வந்துவிட்டது, அங்கிருந்து டா நாங் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். இ-விசா 25 டாலர். அக்டோபர், நவம்பரில் மட்டும் போக வேண்டாம், நம்ம ஐப்பசி கார்த்திகை மழை போல அங்கேயும் கொட்டும்.

நாகர்கோவிலில் இதைச் சாப்பிட வீட்டில் சுட்டால்தான் உண்டு. ஒரு கப் பச்சரிசி மாவுக்கு ஒன்றரை கப் தண்ணீர், அரை கப் தேங்காய்ப்பால், அரை ஸ்பூன் மஞ்சள், உப்பு. ஆப்பச்சட்டி வேண்டாம், நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டி. இறால் குளச்சலில் வாங்கினேன். முதல் தடவை வெறும் புதினா மட்டும் வைத்துச் செய்தபோது அம்மை தின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ குறையுது மக்ளே" என்றாள். அவள் சொன்னது சரி, இலைதான் குறை. வல்லாரை வயல் வரப்பிலேயே கிடைக்கிறது, வியட்நாமிலும் அதைப் பச்சையாகத் தின்கிறார்கள். அங்கே தட்டில் வைக்கிற ஒரு துளசி வகை இருக்கிறதே, அது நம்ம திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான், சப்ஜா விதை கிடைக்கிற அதே செடி. ஒரு தொட்டியில் விதைத்துவிட்டால் போதும், இரண்டு மாதத்தில் பறிக்கலாம். பறித்ததும் தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறி, தட்டில் வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், ஏனென்றால் பான் ஸெயோ இலைக்காகக் காத்திருக்காது, ஐந்து நிமிஷத்தில் தொய்ந்துவிடும்.